சீட்டில் எட்டு என்று போட்டிருந்தது

2021 பிப்ரவரி 16-ஆம் தேதி விடிகாலை, டாலஸ்–ஃபோர்ட் வொர்த் விமான நிலையத்தில் பாரன்ஹீட் கணக்கில் மைனஸ் 2 டிகிரி பதிவானது. நமக்குப் பழகிய செல்சியஸில் கிட்டத்தட்ட மைனஸ் 19. இந்த ஊர் இதற்குக் கீழே இறங்கியது 1899 பிப்ரவரியில் மட்டும்தான். அப்போது மைனஸ் 8 பாரன்ஹீட். அன்று எங்கள் வீட்டில் மின்சாரம் இல்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு சமையலறை ஜன்னல் வழியே தோட்டத்தைப் பார்த்தேன். அரளி, மாதுளை, அத்தி, ரோஸ்மேரி, சத்சுமா ஆரஞ்சு எல்லாம் பனிக்குள் நின்றன. ஒவ்வொன்றையும் வாங்கும்போது செடியோடு வந்த சீட்டைத் திருப்பிப் பார்த்துத்தான் வாங்கியிருந்தேன். எவ்வளவு குளிர் தாங்கும் என்பதற்கான கணக்காக ‘எட்டாம் மண்டலம்’ என்று போட்டிருக்கும். எங்கள் ஊர் எட்டாம் மண்டலம். அது போதும் என்று ஏழு வருடங்களாக நம்பியிருந்தேன்.

அந்த எண்ணை நான் தூக்கிப் போட்டுவிடவில்லை. இன்றும் செடி வாங்கும்போது முதலில் அதைத்தான் பார்க்கிறேன். ஆனால் அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை அந்த வாரத்துக்கு அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். அமெரிக்காவுக்குப் புதிதாக வந்து, வீடு வாங்கிய கையோடு மண்ணைக் கிண்ட ஆரம்பிக்கும் நம் ஆட்கள் பலரும் என்னைப் போலவே அந்தச் சீட்டை நம்பிப் பணத்தைப் போடுவதைப் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். டாலஸுக்கு வடக்கே வீடு வாங்கி, கொல்லையில் முதல் குழி தோண்டியபோது எனக்குப் பேச்சே வரவில்லை. அதே கரிசல். மழை பெய்தால் செருப்பைப் பிடித்து இழுக்கும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். இங்கே இதற்கு ஹூஸ்டன் பிளாக் என்று பெயர். மண்ணியலாளர்கள் நம் கரிசலையும் இதையும் வெர்டிசால் என்ற ஒரே வகையில்தான் வைத்திருக்கிறார்கள். அம்மாவிடம் போனில் சொன்னபோது, “அப்போ பருத்தி வருமேப்பா” என்றார். வரும். இந்தக் கருமண் பட்டை ஒரு காலத்தில் பருத்திக் காடாகவே இருந்தது. மண் தெரிந்த மண் என்றதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. குளிரைப் பற்றி மட்டும்தான் எனக்கு ஒன்றும் தெரியாது. அதற்குத்தான் எண் இருக்கிறதே என்று நினைத்தேன்.

சரி, அந்த எண் என்ன? அமெரிக்க வேளாண் துறை நாட்டை 13 மண்டலங்களாகப் பிரித்து ஒரு வரைபடம் வெளியிடுகிறது. முதல் பதிப்பு 1960-இல் வந்தது. ஒவ்வொரு மண்டலமும் 10 பாரன்ஹீட் டிகிரி அகலம். அதற்குள் ஏ, பி என்று ஐந்தைந்து டிகிரியாக இரண்டு பாதி. எண் கூடக் கூடக் குளிர் குறையும். 8ஏ என்றால் 10 முதல் 15 பாரன்ஹீட், அதாவது ஏறக்குறைய மைனஸ் 12 முதல் மைனஸ் 9 செல்சியஸ். இதைப் பார்த்து, ‘எங்கள் ஊரில் மைனஸ் 12-க்குக் கீழே போகாது’ என்று நான் புரிந்துகொண்டேன். என் தப்பு அங்கேதான் தொடங்கியது.

ஒரு வருடத்தில் ஆகக் குளிரான ஒரே ஒரு அளவை எடுக்கிறார்கள். இப்படி முப்பது வருடங்களுக்கு முப்பது எண்கள். அவற்றின் சராசரிதான் மண்டலம். ஊர் கண்ட ஆகக் குறைந்த வெப்பநிலை அதில் எங்கும் எழுதப்படுவதில்லை. சராசரி என்றாலே அதற்குக் கீழேயும் வருடங்கள் இருக்கும் என்றுதானே பொருள். ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஐந்து வருடங்களின் கடுங்குளிர் பாரன்ஹீட்டில் 20, 18, 16, 14, மைனஸ் 2 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 13.2. மண்டலம் 8ஏ. கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் செடி சராசரியில் வாழ்வதில்லை. அந்த மைனஸ் 2 இரவையும் அது தாண்டியாக வேண்டும்.

பிப்ரவரி கடைசியில் பனி உருகியதும் தெருவே பழுப்பாகிவிட்டது. இங்கே புது வீடுகளின் முகப்பில் வரிசையாக வைக்கும் இந்தியன் ஹாதார்ன் என்ற குட்டைப் புதர், தெருவுக்குத் தெரு மொத்தமாகச் செத்தது. என் வீட்டில் ரோஸ்மேரி இரண்டு போயின. ஐந்தடி உயரம், கையால் தொட்டாலே வாசம் வரும். சாம்பல் நிறமாகி அப்படியே நின்றன. அரளி தரை வரை கருகியது. மாதுளையின் பட்டை நீளவாக்கில் வெடித்திருந்தது. அத்தியின் கிளையை ஒடித்தால் சுள்ளி மாதிரி முறிந்தது.

அந்த வார இறுதியிலேயே எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கி எறிய மண்வெட்டியை எடுத்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கையைக் காட்டி நிறுத்தினார். மே மாதம் வரை ஒன்றையும் தொடாதே என்றார். அவர் பேச்சைக் கேட்டது எவ்வளவு நல்லதாகப் போயிற்று! ஏப்ரல் நடுவில் அத்தியின் அடியிலிருந்து பச்சையாக நான்கு முளை. மே முதல் வாரம் அரளி. அதற்குப் பிறகு மாதுளை. மேலே இருந்ததெல்லாம் செத்து, வேர் மட்டும் பிழைத்திருந்தது. சீட்டில் உள்ள எண் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வதே இல்லை. சில செடிகளுக்கு ‘எட்டு’ என்றால் இலையோடு குளிரைக் கடந்து நிற்கும் என்று அர்த்தம். வேறு சிலவற்றுக்கு வேர் தப்பித்தால் திரும்ப வரும் என்று அர்த்தம். மறைப்புக்கு ஒரு வேலிச் செடி வேண்டும் என்று நினைப்பவருக்கு இந்த இரண்டும் ஒன்றா?

சத்சுமா கதை வேறு மாதிரி. அதுவும் மே மாதம் துளிர்த்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் வந்த இலை மூன்று மூன்றாகப் பிரிந்திருந்தது, நீளமான முள்ளும் இருந்தது. அது சத்சுமாவே இல்லை. ஒட்டு கட்டிய இடத்துக்கு மேலே எல்லாம் செத்து, அடியில் இருந்த மூவிலை ஆரஞ்சு தலை தூக்கியிருந்தது. அந்த அடிச்செடி சத்சுமாவைவிடப் பல மடங்கு குளிர் தாங்கும். பழம் மட்டும் வாயில் வைக்க முடியாத கசப்பு. ஒட்டுச்செடி வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும்: சீட்டில் உள்ள எண் மேலே உள்ள ரகத்துக்கு, வேருக்கு இல்லை. குளிருக்கு முன்பு ஒட்டுக்கு மேல் ஒரு சாண் உயரம் வரை மண்ணையோ மூடாக்கையோ குவித்து வைத்தால் ஒட்டு பிழைக்க வழி உண்டு. இளவேனிலில் மறக்காமல் அதை விலக்கிவிட வேண்டும், இல்லையென்றால் பட்டை அழுகும்.

அந்தப் பெரியவர் இங்கேயே நாற்பது வருடங்களுக்கு மேல் இருப்பவர். 2021 அவருக்குப் புதிதாகத் தெரியவில்லை. 1983 டிசம்பரில் தொடர்ந்து 295 மணி நேரம், பன்னிரண்டு நாட்களுக்கு மேல், இந்த ஊர் உறைநிலைக்கு மேலே ஏறவே இல்லை. 1989 டிசம்பர் 23-இல் மைனஸ் 1 பாரன்ஹீட். அவர் வீட்டு அத்தி இந்த மூன்றையும் பார்த்த மரம். மூன்று முறையும் தரையோடு போய்த் திரும்பி வந்தது என்றார்.

இரண்டு வருடம் கழித்து, 2023 நவம்பரில், வேளாண் துறை புதிய வரைபடத்தை வெளியிட்டது. ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பிரிசம் என்ற காலநிலை ஆய்வுக் குழுவோடு சேர்ந்து செய்தது. 13,412 வானிலை நிலையங்களின் தரவு. 2012-இன் பழைய பதிப்பில் 7,983 நிலையங்கள்தான். நாட்டில் ஏறக்குறைய பாதி இடம் அரை மண்டலம் வெப்பப் பக்கம் நகர்ந்தது. டாலஸ் பகுதியில் பெரும்பாலான இடம் 8ஏ-யிலிருந்து 8பி ஆனது. அதாவது 15 முதல் 20 பாரன்ஹீட். மைனஸ் 2-ஐ நேரில் பார்த்த எனக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. எந்த வருடங்களின் தரவு என்று தேடினேன். 1991 முதல் 2020 வரை.

1983 அதில் இல்லை. 1989 இல்லை. 2021-உம் இல்லை. இந்த ஊர்த் தோட்டக்காரர்கள் மறக்காத மூன்று பெருங்குளிரும் அந்த முப்பது வருட ஜன்னலுக்கு வெளியே விழுந்துவிட்டன. இதில் யாரும் எதையும் மறைக்கவில்லை. முப்பது வருடம் என்பது வானிலைக் கணக்கில் வழக்கமான அளவு, குளிர்காலமும் உண்மையிலேயே மிதமாகிக்கொண்டுதான் வருகிறது. பழைய பதிப்பின் 1976–2005 ஜன்னலில் 1983-உம் 1989-உம் இருந்தன. அவை வெளியே போனதும் எண் ஏறியதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கும். ஆனால் புது எண்ணைப் பார்த்துவிட்டு 8பி-க்கான செடிகளை வேலியோரம் முழுக்க நட்டுவைப்பவர், அந்த மூன்று குளிர்காலத்தையும் இல்லை என்று வைத்து நடுகிறார். முப்பது வருடம் நிற்க வேண்டிய மரத்துக்கு நான் இப்போதும் பழைய 8ஏ-யைத்தான் எடுத்துக்கொள்கிறேன். கூடுமானால் ஏழாம் மண்டல ரகமாகவே தேடுகிறேன். மூன்று நான்கு வருடம் பூத்தால் போதும் என்கிற செடிக்குப் புது எண் தாராளமாகப் போதும்.

இதுவரை சொன்னது இடத்துக்கான எண். செடிக்குத் தரும் எண் இன்னொரு கதை. வரைபடத்துக்காவது ஆயிரக்கணக்கான நிலையங்களின் அளவு இருக்கிறது. ஆனால் ஒரு ரகத்துக்கு ‘எட்டு’ என்று சீட்டில் அச்சடிப்பதற்கு முன் அதைக் குளிர்ப்பெட்டியில் வைத்துப் பார்த்திருப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். சில பயிர்களுக்கு அப்படிச் சோதனைகள் நடக்கின்றன. பெரும்பாலும், எந்த ஊரில் அது குளிர்காலத்தைத் தாண்டியது என்ற அனுபவத்தை வைத்துத்தான் சொல்கிறார்கள். புது ரகம் என்றால் அந்த அனுபவமே சில வருடங்கள்தான். ஒரே செடிக்கு ஒரு நர்சரி ஏழு என்றும் இன்னொன்று எட்டு என்றும் போட்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். எண்கள் மாறினால், செடி குளிரைக் குறைவாகத்தான் தாங்கும் என்று சொல்கிற எண்ணை, இங்கே எட்டை, நம்புவதே என் வழக்கம். இனத்துக்கான எண்ணை ரகத்துக்கும் ரகத்துக்கான எண்ணை இனத்துக்கும் போட்டுக் குழப்புவதும் உண்டு. ரோஸ்மேரி பொதுவாக எட்டாம் மண்டலச் செடி. ஆனால் டெக்சஸிலேயே ஆர்ப் என்ற சிற்றூரில் கண்டெடுத்த ‘ஆர்ப்’ ரகம் அதைவிடக் குளிரைத் தாங்கும். அத்தியிலும் ‘செலஸ்ட்’ ரகத்துக்கு அந்தப் பெயர் உண்டு. பெயர் தெரியாத ‘அத்தி’ என்று விற்பதை நான் இப்போது வாங்குவதில்லை.

லண்டனில் இருக்கும் அக்காவும் தோட்டம் வைத்திருக்கிறார். அங்கே ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டியின் எச் எண்கள். எங்கள் எண் கூடினால் வெப்பம். அவர்களுக்கு எண் கூடினால் குளிர். எச்7 என்றால் மைனஸ் 20 செல்சியஸுக்குக் கீழும் தாங்கும். ரோஸ்மேரிக்கு எச்4, அதாவது மைனஸ் 5 முதல் மைனஸ் 10 வரை. நாடு விட்டு நாடு விதையும் ஆலோசனையும் பரிமாறிக்கொள்ளும் நம் குடும்பங்களில் இந்த எண்கள் கலந்துவிடுகின்றன. ஆகவே எண்ணைச் சொல்லாமல் டிகிரியைச் சொல்லிப் பழகிவிட்டோம்.

2022 டிசம்பரில் இன்னொரு பாடம். 22-ஆம் தேதி வடக்கிலிருந்து காற்று இறங்கியது. சில மணி நேரத்தில் பாரன்ஹீட் 10-ஐ ஒட்டி வந்துவிட்டது. 2021-ஐ ஒப்பிட்டால் இது பெரிய குளிரே இல்லை. பத்து டிகிரிக்கு மேல் வெப்பம். 8ஏ என்ற எண்ணுக்குள் அடங்குகிற குளிர். ஆனால் அரளியின் புதுக் கிளைகள் மறுபடி தரை வரை போயின, மாதுளையும் அடிபட்டது. காரணத்தைத் தேடியபோதுதான் புரிந்தது. செடிக்குக் குளிர் தாங்கும் திறன் எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. பகல் குறைந்து, இரவு மெல்ல மெல்லக் குளிரும்போது அது தன்னைத் தயார் செய்துகொள்கிறது. செல்களில் சர்க்கரை சேர்கிறது, உள்ளே நீர் குறைகிறது. ஜனவரியில் மைனஸ் 10 செல்சியஸைத் தாங்கும் செடி, தயாராகாத அக்டோபரில் மைனஸ் 3-லேயே செத்துப்போகலாம். இடையில் நாலு நாள் வெயில் அடித்தால் அந்தத் தயாரிப்பு தளர்ந்துவிடும். டாலஸ் குளிர்காலம் அப்படிப்பட்டதுதான்: ஒரு வாரம் சட்டையோடு உலாவலாம், அடுத்த வாரம் குழாய் உறையும். அதோடு 2021-இல் தரையில் பனி போர்த்தியிருந்தது. அது வேருக்குக் கம்பளி மாதிரி. 2022-இல் வெறும் தரை, வெறும் காற்று. என் செடிகள் எல்லாம் ஒரு வருட இளங்கிளைகள் வேறு. எவ்வளவு குளிர் என்பதை எண் சொன்னது. எப்போது, எவ்வளவு வேகமாக, எத்தனை நாள், பனிக்கடியிலா வெட்டவெளியிலா என்பதை அது சொல்லவே இல்லை. அன்றிலிருந்து ஆகஸ்ட் கடைசிக்கு மேல் எந்த மரத்துக்கும் தழைச்சத்து உரம் போடுவதில்லை. செப்டம்பரில் உரம் தின்று வளரும் இளந்தளிர்தான் முதல் குளிரிலேயே போகிறது.

வெயிலைப் பற்றியும் அந்த எண் ஒரு வார்த்தை சொல்லாது. 2012 வரைபடத்தில் சியாட்டில் 8பி, டாலஸ் 8ஏ. எண்ணை மட்டும் பார்த்தால் அண்ணன் தம்பி ஊர்கள். சியாட்டிலில் கோடை இதமாக இருக்கும். டாலஸில் 2011-இல் 71 நாட்கள் 100 பாரன்ஹீட்டைத் தொட்டன அல்லது தாண்டின. ஆங்கில லாவெண்டருக்கு ஐந்தாம் மண்டலம் என்று சீட்டு. குளிரில் ஒன்றும் ஆகவில்லை, ஜூன் மாத மழைக்குப் பிறகு கரிசலில் கால் நனைந்து, மேலே வெயில் காய்ந்து, மூன்று வாரத்தில் போய்விட்டது. அமெரிக்கத் தோட்டக்கலைச் சங்கம் 1997-இல் வெயிலின் கடுமையை வைத்து மண்டலம் பிரிக்கும் வரைபடம் ஒன்றை வெளியிட்டது. 30 செல்சியஸைத் தாண்டும் நாட்கள் எத்தனை என்று எண்ணி 12 பிரிவுகள். நல்ல முயற்சி. ஆனால் நான் வாங்கிய செடிகளின் சீட்டுகளில் அந்த எண்ணைப் பார்த்ததே அபூர்வம்.

தொட்டிச் செடி வைப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். தரையில் வேரைச் சுற்றி நிலத்தின் சூடு இருக்கிறது. தொட்டியில் நாலு பக்கமும் காற்று. கிளையைவிட வேர் குளிரைக் குறைவாகத்தான் தாங்கும். வெளியே தொட்டியில் விடுவதாக இருந்தால் நம் ஊரைவிட இரண்டு மண்டலம் குளிர் தாங்கும் செடியாகப் பார்க்கச் சொல்வார்கள். என் அனுபவத்தில் அது சரியாகவே இருக்கிறது. கறிவேப்பிலையும் குண்டுமல்லியும் ஒன்பதுக்கு மேலான மண்டலத்துச் செடிகள். அவற்றை நான் எப்போதும் கேரேஜுக்குள் கொண்டுவருவேன். 2021-இல் மின்சாரம் போய்க் கேரேஜே உறைந்தது. ஏழு வருடக் கறிவேப்பிலை. ஊரிலிருந்து வந்த அம்மா ஒவ்வொரு முறையும் அதற்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவார். அது திரும்பவில்லை. கூடத்துக்குள் இழுத்துவந்த சின்னக் கன்று இலையெல்லாம் உதிர்த்துப் பிழைத்தது. இப்போது வீட்டில் இருப்பது அதுதான்.

அந்த வருடம் மூன்று உச்ச–நீச வெப்பமானிகள் வாங்கினேன். ஒன்று தெற்குச் செங்கல் சுவரோரம், ஒன்று நடுத்தோட்டம், ஒன்று கொல்லையின் தாழ்ந்த மூலை. ஒரே இரவில் சுவரோரத்துக்கும் மூலைக்கும் ஆறு பாரன்ஹீட் வரை வித்தியாசம் வருகிறது. அரை மண்டலத்துக்கும் மேல், என் ஒரே கொல்லைக்குள்! குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி பள்ளத்தில் தேங்குகிறது; செங்கல் பகலில் வாங்கிய சூட்டை இரவில் விடுகிறது. என் பழைய ரோஸ்மேரிகள் நின்றது அந்தத் தாழ்ந்த மூலையில். இப்போது ‘ஆர்ப்’ ரகம் சுவரோரம் மேட்டுப்பாத்தியில், சரளை கலந்த மண்ணில் நிற்கிறது. குளிர்காலத்தில் கால் ஈரமாக இருந்தால் சீட்டில் போட்ட டிகிரி வருவதற்கு முன்பே அது அழுகிவிடும்.

கடுங்குளிர் அறிவிப்பு வந்தால் முந்தைய நாளே மண்ணுக்கு நன்றாகத் தண்ணீர் விடுகிறேன். ஈர மண் சூட்டைப் பிடித்து வைக்கும், காற்றில் செடியும் காய்ந்துபோகாது. பழைய போர்வையைத் தரை வரை தொங்கவிட்டுக் கல் வைக்கிறேன். சூடு மேலே இருந்து வருவதில்லை, மண்ணிலிருந்துதான் ஏறுகிறது. அதனால் செடியின் இடுப்பில் போர்வையைக் கட்டிவிட்டால் பயனில்லை. பிளாஸ்டிக் தாள் இலையில் படக்கூடாது. உள்ளே விளக்குச் சரம் போடுவதானால் பழைய இழை பல்பு, எல்.ஈ.டி. சரத்தில் சூடு இல்லை. குளிர் முடிந்ததும் நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்க்கிறேன். பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. தெரியாவிட்டாலும் மே வரை விட்டுவைக்கிறேன்.

போன மார்ச்சில் ஒரு தம்பதி வந்திருந்தார்கள். புதிதாக வீடு வாங்கியவர்கள், திருநெல்வேலிக்காரர்கள். கையில் நர்சரிப் பட்டியல். எல்லாம் 8பி, எல்லாம் முழு விலை கொடுத்த பெரிய செடிகள். “அண்ணா, நம்ம ஜோன் சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க” என்றார் அந்தத் தம்பி. ஜோன் சரிதான் என்றேன். அப்புறம் பெரியவர் வீட்டு வேலியோரம் கூட்டிப்போய் அந்த அத்தியைக் காட்டினேன். தரையில் கைப்பிடி தடிமனில் மூன்று பழைய கட்டைகள், வெவ்வேறு அளவில் இற்றுப்போயிருக்கின்றன. நடுவில் 2021-க்குப் பிறகு வந்த கிளைகள் ஓட்டு விளிம்பு வரை உயர்ந்து நின்றன. அந்தப் பெண் குனிந்து கட்டைகளைத் தொட்டுப் பார்த்தார். பெரியவர் உள்ளேயிருந்து கத்தரிக்கோலோடு வந்து, ஒன்றரைச் சாண் நீளத்தில் ஆறு குச்சிகள் வெட்டி, ஈரத் துணியில் சுற்றி அவர்கள் கையில் கொடுத்தார்.